நெஞ்சுக்கு ஒரு மாத்திரை

சூரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகியிருக்காது. பெரியம்மாவின் முகம் திகுதிகுவென்று சிவந்துவிட்டது. காது மடல், கழுத்து, நெஞ்சுக்குழி வரைக்கும் அதே சிவப்பு. தொட்டால் சுட்டது. "தலையைப் பிளக்குதுய்யா, படபடன்னு வருது" என்று திண்ணைத் தூணில் சாய்ந்தவள், "இந்த மாத்திரைதான் என்னையக் கொல்லுது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். 2019ஆம் ஆண்டு, அக்காள்மடத்தில். காசநோய்க்கு அவள் மாத்திரை தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. அதே குழம்பை நானும் சாப்பிட்டேன், அம்மாவும் சாப்பிட்டாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழி மாத்திரைமேல் விழுந்தது. "மாத்திரைச் சூடு, வேற ஒண்ணுமில்ல" என்றார்கள் பக்கத்து வீட்டில். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். இரவுக்குள் சிவப்பு இறங்கிவிட்டது. ஆனால் மறுநாளிலிருந்து பெரியம்மா மாத்திரையைத் தொடவில்லை. நான்கு நாள் யாருக்கும் தெரியாது. அட்டையிலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்துத் தலையணைக்கு அடியில் போட்டிருக்கிறாள். செங்கல் நிறத்தில் பன்னிரண்டு மாத்திரைகள்.

அவள் கருவாடு போடுகிறவள். மீனைக் கீறுகிற கை வேகத்தையும், உப்பு அள்ளுகிற கைக்கணக்கையும், காக்கை விரட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிற வாயையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆண்டு இருமல் வருவதற்கு முன்பே பேச்சு குறைந்துவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தங்கச்சிமடத்திலிருந்து அம்மா தினமும் பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்காருவாள். அக்கா அக்காள்மடத்திலும் தங்கச்சி தங்கச்சிமடத்திலும் வாழ்க்கைப்பட்டதை ஊரே சொல்லிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கும் பெரியம்மா முகம் மலரவில்லை. என்ன செய்யுது என்று கேட்டால், "ஒண்ணும் பிடிக்கல, மனசே வெறுத்துப்போச்சு" என்பதோடு முடித்துக்கொள்வாள். எடை குறைந்தது, சாயங்காலக் காய்ச்சல், பிறகு சளியில் ரத்தம். அதற்குப் பிறகுதான் பரிசோதனை, மாத்திரை எல்லாம்.

ஐந்தாம் நாள் மாத்திரை எண்ண வந்த செவிலியர் கண்டுபிடித்துவிட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனோம். திட்டுவார் என்று பயந்து போனால், அவர் கேட்ட முதல் கேள்வி: "அன்னிக்கு என்ன மீன் சாப்பிட்டீங்க, ஆத்தா?" சூரை என்றதும் தலையை ஆட்டினார். "அப்ப மாத்திரையும் குத்தமில்ல, மீனும் குத்தமில்ல. ரெண்டும் சேர்ந்ததுதான். சூரைய ஆறு மாசம் நிறுத்துங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க."

அந்த ஒரு கேள்விதான் என்னை இந்த மாத்திரையின் பின்னால் நடக்க வைத்தது. அட்டையில் நான்கு மருந்துகளின் பெயர் இருந்தது. முதல் பெயர் ஐசோனியாசிட், 75 மில்லிகிராம். தனியாக எடுத்தால் வெள்ளைத் தூள். அட்டையிலிருந்த இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினோடு சேர்ந்ததால் அதன் செந்நிறத்துக்குள் மறைந்திருக்கிறது. மீனோடு சண்டை போட்டது இதுதான். அதன் கதையைத் தேடிப் போனபோது, பெரியம்மாவின் இருமலும் பெரியம்மாவின் மௌனமும் ஒரே மருந்தின் வரலாற்றில் இருப்பதைக் கண்டேன்.

1912இல் பிராக் நகரத்தின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர், யோசெஃப் மாலி என்ற இருவர் ஐசோநிகோடினிக் அமிலத்தோடு ஹைட்ரசின் என்ற பொருளைச் சேர்த்து ஒரு புதுச் சேர்மம் செய்தார்கள். பட்டத்துக்கான ஆய்வு. எப்படிச் செய்தோம், எந்தச் சூட்டில் உருகும் என்று எழுதி வைத்தார்கள். கிருமி இருக்கும் கண்ணாடித் தட்டில் அதை யாரும் தூவிப் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டுகள் அது நூலகத் தாளில் கிடந்தது. புதுமைப்பித்தன் 1948 ஜூனில் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 42. அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள் அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பரிசோதனைக் குழாயில் செய்யப்பட்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஹைட்ரசின் ஜெர்மனியில் குவிந்து கிடந்தது. ராக்கெட் பொருத்திய போர் விமானங்களுக்கு எரிபொருளாக அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். போருக்குப் பின் அது மருந்துக் கம்பெனிகளின் வேதியியல் கூடங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. இங்கே எங்கள் ராமேசுவரம் தீவைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அக்காள்மடத்திலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில், தங்கச்சிமடம் தாண்டி, பேய்க்கரும்பில் அப்துல் கலாமின் நினைவகம் இருக்கிறது. இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைத் தூக்கும் விகாஸ் எஞ்சினின் எரிபொருளிலும் ஹைட்ரசின் கலந்திருக்கிறது. அந்தச் சாலையில் போகிற பஸ்ஸில் பெரியம்மா மடியில் வைத்திருந்த மாத்திரைக்கும் மூலப்பொருள் அதே குடும்பம்தான்.

1951 வாக்கில் மூன்று கம்பெனிகளின் ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் அறியாமல், இந்தச் சேர்மம் காசநோய்க் கிருமியைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஹாஃப்மன் லா ரோஷில் ஹெர்பர்ட் ஃபாக்ஸ், ஸ்குவிப்பில் ஒரு குழு, ஜெர்மனியின் பேயரில் கெர்ஹார்ட் டோமாக். காப்புரிமை கோரப் போனபோதுதான் 1912ஆம் ஆண்டுக் கட்டுரை குறுக்கே நின்றது. ஏற்கெனவே உலகறிய அச்சிட்ட பொருளுக்குப் புதிதாக உரிமை கேட்க முடியாது. ஒரு பழைய பட்ட ஆய்வு, அதைச் செய்தவர்களே அறியாமல், ஏழைகளுக்கு இந்த மருந்தைத் திறந்துவிட்டது. ஐசோனியாசிட் பிறந்ததிலிருந்தே மலிவு.

நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனை. எர்விங் செலிகாஃப், எட்வர்ட் ராபிட்செக் என்ற மருத்துவர்கள், வேறு எதற்கும் கேட்காமல் போன நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். ஐசோனியாசிட்டோடு அதன் தங்கை ஒன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள்; ஒரு சிறு கிளை கூடுதலாக உள்ள இப்ரோனியாசிட். வணிகப் பெயர் முறையே ரிமிஃபான், மார்சிலிட். காய்ச்சல் இறங்கியது, எடை ஏறியது. கூடவே ஒன்று நடந்தது. படுத்தே கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து இன்னொரு தட்டு சோறு கேட்டார்கள். பேசினார்கள், பாடினார்கள். நுரையீரலில் ஓட்டை ஆறாத நிலையிலேயே வார்டில் ஆடினார்கள். 1952இல் பத்திரிகைகளில் அந்தப் படங்கள் வந்தன. குறிப்பாகத் தங்கை மருந்து சாப்பிட்டவர்களிடம் உற்சாகம் அளவு மீறியே இருந்தது. மருத்துவர்கள் முதலில் அதைப் பக்கவிளைவு என்றே எழுதினார்கள்.

பக்கவிளைவைச் சிலர் உற்றுப் பார்த்தார்கள். பாரிஸில் ஷான் டெலே, சின்சினாட்டியில் மேக்ஸ் லூரியும் ஹாரி சால்சரும், காசநோயே இல்லாத மனச்சோர்வு நோயாளிகளுக்கு ஐசோனியாசிட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலர் தேறினார்கள். 1952இலேயே எர்ன்ஸ்ட் செல்லர் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்களைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதி ஒன்று உண்டு. மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்று பெயர். இப்ரோனியாசிட் அதைக் கட்டிப்போடுகிறது, ஐசோனியாசிட் அப்படிச் செய்வதில்லை. 1957இல் நாதன் கிளைன் இப்ரோனியாசிட்டை மனச்சோர்வுக்கான மருந்து என்று அறிவித்தார். அதே காலத்தில் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பினை ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனதையும் பார்த்தார்கள். அது அந்தப் பொருள்களை மூளையில் தீர்த்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு கொள்கை உருவானது: மனச்சோர்வு என்றால் மூளையில் செரடோனினும் அதன் கூட்டாளிகளும் குறைவது. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் அதில் நார்அட்ரினலின் பக்கத்தை முறையாக எழுதினார். பிறகு வந்த பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகள் அந்தக் கொள்கையின் பிள்ளைகள்.

தங்கை நீண்ட நாள் நிலைக்கவில்லை. மஞ்சள் காமாலை வந்து 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து இப்ரோனியாசிட் எடுக்கப்பட்டது. அதன் வகை மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்குப் பாலாடைக்கட்டி தின்றால் ரத்த அழுத்தம் தலைக்கேறுகிறது என்று 1963இல் லண்டனில் பாரி பிளாக்வெல் கண்டார். நாட்பட்டு ஊறிய, உப்பிட்டு வைத்த பண்டங்களில் சேரும் டைரமின்தான் காரணம். அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான விலக்குப் பட்டியலில் உப்பிட்டு உலர்த்திய மீனும் உண்டு. பெரியம்மாவின் முற்றம் முழுக்க அதுதான் காய்கிறது.

அக்காள் மருந்து கிழக்கே வந்தது.

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது எந்தச் சானடோரியம் என்று தெரியும்? டாக்டர் சவரிமுத்து 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். காற்று, ஓய்வு, பால், முட்டை என்பதே அன்றைய வைத்தியம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டுக் கிடக்க வேண்டும். படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்த மூலைக்கும் போதாது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. பொறுப்பு வாலஸ் ஃபாக்ஸிடம். இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்.

அவர்கள் கேட்டது நேரான கேள்வி. மாத்திரை வந்துவிட்ட பிறகும் சானடோரியம் தேவைதானா? நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு. மறு பாதி நெரிசலான வீட்டில், வேலை வெட்டியோடு, அரைகுறைச் சாப்பாட்டில். இரு பாதியினருக்கும் ஓராண்டு ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்ற இன்னொரு காசநோய் மருந்தும். 1959இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவில்லை என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவைத் திறந்துவிட்ட ஆய்வு இது. அக்காள்மடத்துத் திண்ணையில், தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெரியம்மாவால் மாத்திரை போட முடிந்தது என்றால் அதற்கு அந்த 193 பேரும் காரணம். பெயர் தெரியாத அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

ஐசோனியாசிட்டின் குணங்களையும் அந்த மையம் நுணுகிப் பார்த்தது. சிலர் உடல் அதை வேகமாகக் கழிக்கும், சிலர் உடல் மெதுவாக. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவானவர்கள். அவர்களுக்குக் கை கால் எரிச்சல், மதமதப்பு வரலாம். சிறிதளவு பி6 வைட்டமின் சேர்த்தால் தடுத்துவிடலாம். அரிதாகச் சிலருக்கு இந்த மருந்தே மனத்தைக் குழப்புவதும் உண்டு. வார்டில் ஆட வைத்த மருந்துக்கு இந்த முகமும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

மீன் விஷயம் கடலுக்கு அந்தப் பக்கம் தெரிய வந்தது. இலங்கையில் சி. ஜி. உரகொட என்ற மார்புநோய் மருத்துவர், ஐசோனியாசிட் சாப்பிடும் நோயாளிகள் சிலருக்குச் சூரை இன மீன் தின்றதும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வருவதைக் கவனித்து 1977இல் எழுதினார். சூரை, கானாங்கெளுத்தி போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நமக்குக் குடலில் உள்ள நொதி அதைச் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆக, எங்கள் மூவருக்கும் ஒரே குழம்பு. பெரியம்மாவுக்கு மட்டும் ஹிஸ்டமின் முழுசாக ரத்தத்துக்குப் போயிற்று. ஹிஸ்டமின் வெளியிலிருந்து வரும் நஞ்சு மட்டும் கிடையாது. நம் எதிர்ப்புச் செல்களே அதைச் சேமித்து வைத்து, ஒவ்வாமையின்போது கொட்டுகின்றன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பாம்பனிலும் ஒரே கடல், ஒரே மீன். அதனால்தான் எங்கள் டாக்டர் முதலில் மீனைப் பற்றிக் கேட்டார்.

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன். இருமலுக்கு முன்பே வந்த மௌனம்.

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும் பெருவிழுங்கிச் செல்கள் அதை விழுங்குகின்றன. கொல்ல முடியாவிட்டால் மற்ற செல்களைக் கூப்பிட்டுச் சுற்றி வளைத்துச் சுவர் கட்டுகின்றன. கூப்பிடுவதற்கு அவை பயன்படுத்தும் குரல்கள் சைட்டோகைன்கள்: டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் காமா. இந்தக் குரல்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகின்றன. மூளை உடனே வேலைகளை மூடுகிறது. பசி வேண்டாம், நடமாட்டம் வேண்டாம், பேச்சு வேண்டாம், ஒரு மூலையில் சுருண்டு கிட. 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் இதை நோயின் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாமல், காய்ச்சலுக்குச் சக்தியை மிச்சப்படுத்தும் உடலின் ஏற்பாடு என்று எழுதினார். காய்ச்சல் வந்த ஆடு மந்தையைவிட்டு ஒதுங்கிப் படுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஒரு வாரம் என்றால் அது நல்ல ஏற்பாடு. காசநோய் மாதக்கணக்கில் எரிகிறது. எரியும் நெருப்புக்குக் கட்டுப்பாடும் உடலிலேயே உண்டு. கார்டிசால் என்ற சுரப்பு ஒரு கடிவாளம், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இன்னொன்று. அந்தச் செல்களைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்குத்தான் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. கடிவாளம் நழுவிச் சைட்டோகைன்களின் கூச்சல் ஓயாமல் போனால், ஒதுங்கிப் படுத்தல் சிலரிடம் முழு மனச்சோர்வாகவே மாறிவிடுகிறது. 1991இல் ரொனால்ட் ஸ்மித் மனச்சோர்வுக்குப் பெருவிழுங்கிச் செல்களையே காரணமாகச் சொல்லி ஒரு கொள்கை எழுதினார். அப்போது பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள வைத்தது ஒரு மருந்து. தோல் புற்றுநோய்க்கு அப்போது இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போட்டுவந்தார்கள். எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் குரலை வெளியிலிருந்து உடலுக்குள் செலுத்துவது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகக் குழு 40 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 45 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. முன்கூட்டியே மனச்சோர்வு மருந்து சாப்பிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கே வந்தது. எதிர்ப்புச் சக்தியின் குரல் உயர்ந்தால் மனம் தாழும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

எப்படித் தாழ்கிறது என்பதில் ஒரு கண்ணி என் நெஞ்சைத் தைத்தது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான் செரடோனினுக்கு மூலப்பொருள். இன்டர்ஃபெரான் வந்ததும் ஐ.டி.ஓ. என்ற நொதி கிளம்பி அந்த டிரிப்டோஃபானை வேறு வழியில் உடைத்துத் தள்ளுகிறது. கிருமிக்கு அது கிடைக்காமல் பட்டினி போடுவதற்கான உத்தி. ஆனால் காசநோய்க் கிருமி தனக்கு வேண்டிய டிரிப்டோஃபானைத் தானே செய்துகொள்ளக்கூடியது. 2013இல் இது தெரிய வந்தது. எதிரியைப் பட்டினி போடப் பானையைக் கவிழ்த்தோம். எதிரிக்கோ தன் அடுப்பு இருக்கிறது. பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் உடம்புக்குள் இப்படி ஒரு வீண் தியாகம் நடந்திருக்கலாம் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளை நாங்கள் "தைரியமா இருங்க" என்று எத்தனை முறை கடிந்திருப்போம்.

சீ வியூவில் ஆடியவர்களைப் பற்றியும் இப்போது வேறு மாதிரி நினைக்கத் தோன்றுகிறது. அவர்கள் மனம் மலர்ந்தது மருந்து மூளையைத் தொட்டதாலா, அல்லது கிருமி செத்து நுரையீரலின் கூச்சல் அடங்கியதாலா? காசநோயில்லாத மனச்சோர்வுக்காரர்களும் அந்த மருந்தில் தேறினார்கள் என்பதால் மூளைக்குப் பங்கு உண்டு. ஆனால் செரடோனினையும் நொதிகளையும் பிடித்துக்கொண்டு ஓடிய ஐம்பது ஆண்டுகளில், நெஞ்சின் நெருப்பு அணைந்ததற்கு உரிய பங்கை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம். அக்காளும் தங்கையும் ஒரே வார்டில் வேலை செய்தார்கள். பிறகு ஒருத்தி மார்புநோய்ப் பிரிவுக்கும் இன்னொருத்தி மனநலப் பிரிவுக்கும் போய்விட்டார்கள்.

அந்த இரண்டு பிரிவுகளும் மறுபடி சந்தித்த இடம் ஒன்று இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப். என்ற குரலையே அடைக்கும் மருந்துகள் வந்தன. இன்ஃப்ளிக்ஸிமாப் அதில் ஒன்று. 2001இல் அதிர்ச்சியான செய்தி: அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் கிளம்பியிருந்தது. டி.என்.எஃப். இல்லாவிட்டால் நுரையீரலில் கட்டிய சுவர் இடிந்துவிடும், உள்ளே தூங்கிய கிருமி எழுந்துவிடும். அன்றிலிருந்து அந்த மருந்துக்கு முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்ப்பது கட்டாயம். இருந்தால் முதலில் தடுப்புச் சிகிச்சை, பெரும்பாலும் ஐசோனியாசிட். அதே இன்ஃப்ளிக்ஸிமாப்பை எமரி குழுவினர் எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு ஏற்றிப் பார்த்தார்கள், 2013இல் அச்சானது. மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. ஆனால் ரத்தத்தில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு வெற்று மருந்தே மேலாக இருந்தது.

சி.ஆர்.பி. என்றால் கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அழற்சி கூடினால் கல்லீரல் சுரக்கும் புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டெடுத்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் மனச்சோர்வு ஒரே நோய் இல்லை. அதில் ஒரு பகுதி எதிர்ப்புச் சக்தியின் வழியாக வருவது. இந்த முடிவை நான் நம்புகிறேன். ஆனால் இந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து எங்கள் தீவில் வைத்துவிட முடியாது. வெயிலில் பாசி எடுக்கும் பெண்ணுக்குக் கால் புண்ணால் சி.ஆர்.பி. ஏறும், பல் சொத்தையால் ஏறும், உடற்பருமனால் ஏறும், தெரியாத காசநோயால் ஏறும். எதிர்ப்புச் சக்தியை அடக்கி மனத்தைத் தேற்றும் வைத்தியம் இங்கே வர வேண்டுமானால் முதலில் நுரையீரலைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

சென்னையில் 25,455 பேரிடம் நடத்திய ஆய்வில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக 2009இல் வெளியிட்டார்கள். வருமானம் குறைந்தவர்களிடம் கூடுதல். அதற்குப் பயன்பட்டது எளிய கேள்வித்தாள். அந்த வகைக் கேள்வித்தாளின் சாரம் இரண்டே கேள்விகள்தான். இரண்டு வாரமாக எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கை அற்றுப்போய் இருக்கிறதா? எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சளியைக் கேட்டார்கள், எடையைக் கேட்டார்கள், மூத்திரம் சிவப்பாகப் போகிறதா என்றும் கேட்டார்கள். எல்லாம் தேவையான கேள்விகள், அக்கறையோடு கேட்ட கேள்விகள். இந்த இரண்டை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையணைக்கு அடியில் பன்னிரண்டு மாத்திரைகள் சேர்ந்திருக்காது. மாத்திரைச் சூட்டுக்குப் பயந்து நிறுத்தினேன் என்றுதான் டாக்டரிடம் சொன்னாள். அம்மாவிடம் தனியாகச் சொன்னது வேறு: "இனி எதுக்குடி போடணும்?"

அன்று முதல் அம்மாவே கேட்க ஆரம்பித்தாள். காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்துவிட்டு, "மனசு எப்படிக்கா இருக்கு?" என்பாள். பதில் வராது. நாளைக்கும் கேட்பாள். ஓலைப்பெட்டியில் சூரைக்குப் பதில் விளமீனோ ஓராவோ இருக்கும். சளியில் கிருமி இல்லை என்று முதல் முடிவு வந்தது. அதற்கும் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். ஓரா மீன் குழம்பு. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவள், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"புளி கூடிப்போச்சுடி. இத்தனை வருசமா உனக்கு ஒரு குழம்பு கூட்டத் தெரியலையே."

அம்மா அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே பெரியம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.